சுவருக்குள்ளே ஒரு ஜலதோஷம்!

'வைத்தியருக்கும் குழாய் ரிப்பேருக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்கத் தோன்றுகிறதா? நியாயமான கேள்விதான். ஆனால் என்னிடம் வருகிற தீராத சளி, இரைப்பு, விட்டு விட்டு வரும் வயிற்றுப்போக்கு இவற்றில் சிலவற்றுக்குக் காரணம் நோயாளியின் உடம்பில் இல்லை. அவர் குடியிருக்கிற வீட்டின் சுவரில் இருக்கிறது. அதுவும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்!

ஒரு தாய் தன் 7 வயது மகனை அழைத்து வந்திருந்தார். நள்ளிரவுக்கு மேல் இருமல், மூச்சு விட்டால் விசில் சத்தம். ஒரு வருஷமாக மருந்து, இன்ஹேலர் எல்லாம் நடக்கிறது. போன வேகத்தில் திரும்பி வருகிறது.

"லீவுக்கு ஊருக்குப் போனா ஒரு மாசம் சுத்தமா இல்லீங்க டாக்டர். வீட்டுக்கு வந்த மூணாம் நாளே ஆரம்பிச்சுடுது" என்றார்.

"பையன் கட்டில் எந்தச் சுவரை ஒட்டி இருக்கும்மா?"

"பாத்ரூம் சுவரை ஒட்டி."

கட்டிலை நகர்த்திப் பார்க்கச் சொல்லி அனுப்பினேன். மறுநாளே போன் வந்தது. தலையணை உயரத்தில் முழம் அகலத்துக்குக் கரும்பூசணம்! பாத்ரூம் ஷவருக்குப் போகும் குழாய் சுவருக்குள் புதைத்தது. அதன் எல்போ மூட்டில் மயிரிழைக் கசிவு. குழாயை மாற்றி, சுவர் காய்ந்த பிறகுதான் அந்தப் பிள்ளைக்குக் கொடுத்த மருந்து நின்று வேலை செய்தது.

ஈரமும் குளிர்ச்சியும் கபத்தைக் கிளப்பும் என்பது சித்த மருத்துவத்தின் அரிச்சுவடி. உலக சுகாதார நிறுவனமும் 2009-ல் வெளியிட்ட வழிகாட்டி நூலில், ஓதமும் பூசணமும் உள்ள வீடுகளில் வசிப்பவர்களுக்கு இருமல், இரைப்பு, சுவாசத் தொற்று அதிகம் வருகிறது என்று சொல்லியிருக்கிறது. உங்கள் வீட்டிலும் யாருக்காவது 'வெளியூர் போனால் சுகம், வீடு திரும்பினால் தொல்லை' என்றிருந்தால், அடுத்த பாட்டில் மருந்து வாங்கும் முன் பீரோவையும் கட்டிலையும் ஒரு தரம் நகர்த்திப் பாருங்கள்.

எண்வகைத் தேர்வு... சுவருக்கு!

நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்று எட்டையும் பார்த்து நோயைக் கணிப்பது எங்கள் முறை. சுவருக்கு நாக்கும் விழியும் இல்லை. ஆனால் நிறம், ஸ்பரிசம், மொழி, நாடி நான்கும் உண்டு.

முதலில் நிறம். பெயிண்ட் கொப்புளம் போட்டு உரிவது, வெள்ளை வெள்ளையாக உப்புப் பூப்பது, டீக்கறை போல ஓரம் கட்டிய படை, டைல்ஸ் இடுக்குகள் கறுத்துப்போவது எல்லாம் அடையாளங்கள். அடுத்து ஸ்பரிசம். புறங்கையை வைத்துப் பாருங்கள். உள்ளங்கையைவிடப் புறங்கைக்குச் சில்லிப்பு சீக்கிரம் தெரியும். பீரோ, அலமாரிக்குள் துணியில் முக்கல் வாடை வந்தாலும் அந்தச் சுவரைச் சந்தேகப்படுங்கள். மூன்றாவது மொழி. இரவு இரண்டு மணிக்கு மின்விசிறி, ஃப்ரிட்ஜ் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ஒரு எவர்சில்வர் டம்ளரின் வாயைச் சுவரில் வைத்து அடிப்பக்கத்தில் காதை ஒட்டிக் கேளுங்கள். பிரஷரோடு கசிந்தால் 'ஸ்ஸ்...' என்று ஒரு சன்னமான இரைச்சல் கேட்கும். எங்களைப் போன்றவர்கள் கையில் இருக்கிற ஸ்டெதாஸ்கோப் இதற்கு இன்னும் உத்தமம்!

நாடி பார்ப்பதுதான் முக்கியம். வீட்டின் நாடி மொட்டை மாடியில் இருக்கிறது. இரவு படுக்கும் முன் ஓவர்ஹெட் டேங்க்கை நிரப்பி மோட்டாரை நிறுத்துங்கள். எல்லாக் குழாய்களையும் இறுக மூடுங்கள். தண்ணீர் மட்டத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. இரவில் யாரும் ஃப்ளஷ் செய்யக் கூடாது, ஒரு நாள் பக்கெட் தண்ணீர் பிடித்து வைத்துச் சமாளியுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் கசிவு உறுதி.

எவ்வளவு போகிறது என்று கணக்கும் போடலாம். 1 மீட்டர் விட்டமுள்ள வட்டத் தொட்டியில் மட்டம் 1 சென்டிமீட்டர் இறங்கினால் சுமார் 8 லிட்டர் போய்விட்டது என்று அர்த்தம். 8 மணி நேரத்தில் 3 சென்டிமீட்டர் என்றால் 24 லிட்டர். ஒரு நாளைக்கு 72. மாதத்துக்கு 2,000 லிட்டருக்கு மேல்! லாரித் தண்ணீர் வாங்குகிறவர்களுக்கு இதன் விலை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மறுநாள் இரவு, தொட்டியிலிருந்து வீட்டுக்கு இறங்கும் வால்வை மூடிவிட்டு இதையே திரும்பச் செய்யுங்கள். இப்போது மட்டம் இறங்கவில்லை என்றால் குற்றவாளி வீட்டுக்குள் போகும் குழாய்களில். இறங்கினால் தொட்டியிலேயே விரிசல், அல்லது அந்த வால்வே சரியாக மூடவில்லை. பிரஷர் பம்ப் வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு வேலை இல்லை. யாரும் குழாயைத் திறக்காமலே பம்ப் தானாக ஓடி ஓடி நின்றால், அதுவே சாட்சி.

சுவரை இடிக்கச் சொல்லும் முன் கக்கூஸ் ஃப்ளஷ் டேங்க்கைப் பாருங்கள். சத்தமே இல்லாமல் தண்ணீரைத் தின்பதில் அதற்கு நிகர் இல்லை. கேசரிப் பவுடர் ஒரு சிட்டிகை அந்த டேங்க்கில் கரைத்து அரை மணி நேரம் விடுங்கள். ஃப்ளஷ் செய்யாமலே கோப்பையில் ஆரஞ்சு நிறம் எட்டிப் பார்த்தால் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் போய்விட்டது. வாங்கிப் போட்டால் தீர்ந்தது. (மஞ்சள் தூள் போடலாமா என்று கேட்காதீர்கள். அது தண்ணீரில் கரையாது!)

எந்தத் தண்ணீர்?

ஈரம் இருக்கிறது என்று கண்டுபிடித்தால் போதாது, எங்கிருந்து என்று தெரிய வேண்டும். நாள் முழுக்க, கோடையிலும் மழையிலும் ஒரே மாதிரி நசநசப்பு என்றால் நல்ல தண்ணீர்க் குழாய். காலையில் எல்லோரும் குளித்து முடித்த பிறகு ஈரம் கூடி, சாயங்காலம் கொஞ்சம் வற்றினால் கழிவுநீர்ப் பாதை அல்லது பாத்ரூம் தரை. ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் வந்தால் மொட்டை மாடியோ வெளிச்சுவரோ. தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் வரை மட்டும் வீடு முழுக்க வரிசையாக உப்புப் பூத்தால் அது அஸ்திவாரத்திலிருந்து ஏறும் ஓதம். குழாயைப் பழி சொல்லிப் பிரயோஜனமில்லை.

பாத்ரூம் தரையைச் சோதிக்க, தண்ணீர் வெளியேறும் ஓட்டையை, பிளம்பர்கள் 'நானி டிராப்' என்பார்களே, அதைத் துணிப்பந்தால் அடைத்து, ஒரு அங்குலம் தண்ணீர் கட்டி ஒரு நாள் விடுங்கள். கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் கூடினால் தரைதான். அடுக்குமாடிகளில் மேல்வீடு, கீழ்வீடு சண்டைகளுக்கு இந்தப் பரீட்சையை இரண்டு வீட்டாரும் கூட இருந்து செய்வது நல்லது. 'எங்க வீட்ல ஒண்ணும் இல்ல' என்ற பேச்சுக்கே இடமிருக்காது.

கசிவு இரு வழிப் பாதை!

இதுவரை சொன்னது பணமும் சளியும். இதற்கு மேல் சொல்லப்போவதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிற விஷயம்.

தண்ணீர் வெளியே போகிற ஓட்டை வழியே சாக்கடை உள்ளேயும் வரும். நம் ஊர்களில் தெருக் குழாயில் 24 மணி நேரமும் தண்ணீர் ஓடுவதில்லை. சப்ளை நின்றதும் குழாய் வெறுமையாகிறது. அப்போது சுற்றிலும் தேங்கியிருக்கும் கழிவுநீரை விரிசல் வழியே அது உள்ளே இழுக்கும். தெருக் குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சினால் இன்னும் மோசம்; அது சட்டப்படியும் தவறு. தரைக்கடியில் உள்ள சம்ப்பில் விரிசல் இருந்து, பக்கத்தில் செப்டிக் டேங்க்கோ கழிவுநீர்க் குழாயோ இருந்தால் கேட்கவே வேண்டாம். டைபாய்டு, மஞ்சள் காமாலை, சீதபேதி எல்லாம் இப்படித்தான் வீட்டுக்குள் வருகின்றன. ஏ வகை, ஈ வகைக் காமாலைக் கிருமிகள் இரண்டும் கெட்ட தண்ணீர் வழியே பரவுபவை. அதிலும் ஈ வகை கர்ப்பிணிகளுக்கு உயிராபத்து.

காலையில் பிடிக்கும் முதல் குடம் கலங்கலாகவோ நாற்றமாகவோ இருந்தால், வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே சமயத்தில் வயிறு கெட்டால், சம்ப்பைச் சந்தேகப்படுங்கள். சம்ப்பைக் காலி செய்தபின் சுவர் வழியே ஊற்றுப் போல ஈரம் உள்ளே வந்தால் வேறு சாட்சி வேண்டாம். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடங்களில் கட்டணம் கட்டித் தண்ணீரைப் பரிசோதிக்கலாம். அதுவரை குடிக்கும் தண்ணீர் கொப்புளித்துப் பொங்கி ஒரு நிமிஷமாவது கொதிக்கட்டும்.

விரிசலை அடைத்து, தேய்த்துக் கழுவிய பிறகு, 1,000 லிட்டர் தண்ணீருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர். நேராகக் கொட்டாதீர்கள். ஒரு வாளியில் கரைத்துச் சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிவை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்துங்கள். ஒன்றை மறக்கக் கூடாது. மூடிக் கிடந்த சம்ப்பில் சட்டென்று ஆளை இறக்காதீர்கள். மூடியைத் திறந்து நன்றாகக் காற்றாட விட்டு, மேலே ஒருவர் நிற்க, அதன் பிறகுதான் இறங்க வேண்டும். செப்டிக் டேங்க்கில் எந்த மனிதரையும் இறக்கவே கூடாது.

இன்னொரு ஆபத்து கரண்ட். ஸ்விட்ச் போர்டுக்குப் பக்கத்தில் சுவர் ஈரமாக இருந்தாலோ, குழாயைத் தொட்டால் 'சுர்'ரென்றாலோ, மெயினை அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பிளம்பர் அப்புறம் வரட்டும்.

ரிப்பேர் செய்யும்போது...

சொட்டும் குழாய்க்கு வாஷர் மாற்றுவதை நீங்களே செய்யலாம். முதலில் வால்வை மூட வேண்டும், அவ்வளவுதான். டேப் சுற்றும்போது மரை முனை உங்களைப் பார்க்கும்படி பிடித்து, கடிகார முள் போகும் திசையில் சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் முறுக்கும்போதே பிரிந்து வந்துவிடும்.

சுவருக்குள் என்றால் கைதேர்ந்த ஆள் வேண்டும். இப்போது பெரிய ஊர்களில் சத்தத்தைப் பிடிக்கும் கருவி, வெப்பத்தைக் காட்டும் கேமரா கொண்டு இடத்தைக் குறிக்கிறவர்கள் வந்துவிட்டார்கள். கண்ட இடத்தில் கொத்துவதைவிட அந்தச் செலவு மேல். பிளாஸ்டிக் குழாயில் விரிசல் என்றால் மேலே எம்-சீல் அப்பி மூடுவது தற்காலிகம்தான். அந்தத் துண்டை வெட்டி எடுத்து கப்ளர் போட்டு இணைக்க வேண்டும். வெந்நீர் லைனுக்குச் சாதா பி.வி.சி. கூடவே கூடாது, சி.பி.வி.சி. போடச் சொல்லுங்கள். பழைய இரும்புக் குழாய் உள்ளிருந்து துருப்பிடிக்கிற சமாச்சாரம். இன்று இங்கே அடைத்தால் நாளை இரண்டடி தள்ளிப் பீறும். முழு லைனையும் மாற்றுவதே சிக்கனம்.

கொத்தனார் அவசரப்படுவார். நீங்கள் அவசரப்படாதீர்கள். குழாயை இணைத்ததும் தண்ணீரை நிரப்பி, கைப்பம்பால் பிரஷர் ஏற்றி, ஒரு நாள் அப்படியே விட்டு, பிரஷர் இறங்கவில்லை என்று பார்த்த பிறகே பூச வேண்டும். பூசும் முன் குழாய் போகிற வழியை செல்போனில் படம் எடுத்து வையுங்கள். நாளைக்கு ஆணி அடிக்கும்போது அருமை தெரியும்!

பூசணத்தின் மேலே பெயிண்ட் அடிப்பது சளியை உள்ளே அமுக்குகிற கதை. மூக்கு, வாயை மூடிக்கொண்டு, சன்னலைத் திறந்து, சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவித் துடையுங்கள். பிளீச்சிங் பவுடரையும் கக்கூஸ் ஆசிட்டையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பி நுரையீரலைத் தாக்கும். இரைப்பு உள்ளவரைக்கொண்டு இந்த வேலையைச் செய்யவே வேண்டாம். நனைந்த மெத்தை, அட்டைப்பெட்டி, பழைய புத்தகங்களில் ஒன்றிரண்டு நாளில் பூசணம் பிடிக்கும். பிடித்தவற்றைப் பாசம் பார்க்காமல் வெளியேற்றுங்கள். சொட்டுத் தண்ணீருக்கு அடியில் வைத்த வாளியைத் தினமும் கொட்டுங்கள். டெங்குக் கொசுவுக்கு அந்த நல்ல தண்ணீரும் ஒரு வாரமும் போதும்.

சாம்பிராணி, வேப்பிலைப் புகை போட்டால் ஓதம் போகுமா என்று பலர் கேட்கிறார்கள். சித்த வைத்தியனாகவே சொல்கிறேன்: போகாது. சுவருக்குள் ஓடும் தண்ணீரைப் புகை நிறுத்தாது. இரைப்புப் பிள்ளையின் மூச்சைத்தான் நிறுத்தப் பார்க்கும். ஆடாதோடை மணப்பாகு போன்றவை சளியை இளக்க உதவும். அதையும் வைத்தியரைக் கேட்டே கொடுங்கள், கர்ப்பிணிகள் தொட வேண்டாம். இன்ஹேலர் பயன்படுத்துகிற பிள்ளைக்குச் சுவர் சரியாகிவிட்டது என்று நீங்களாக அதை நிறுத்தவும் வேண்டாம். பேச முடியாமல் திணறினாலோ உதடு நீலம் பாய்ந்தாலோ கைவைத்தியம் எதுவும் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரி.

ரிப்பேர் முடிந்த சுவர் காய வாரக்கணக்காகும், ஒன்பது அங்குலச் சுவரென்றால் மாதக்கணக்கிலும் ஆகலாம். அதுவரை பெயிண்ட் வேண்டாம். பாலிதீன் துண்டு ஒன்றைச் சுவரில் நாலு பக்கமும் டேப்பால் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். சுவர்ப் பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. ஃபேனைப் போட்டு, சன்னலைத் திறந்து வைத்து, இரண்டு வாரம் கழித்து மறுபடி ஒட்டிப் பாருங்கள். அதுவரை கட்டில் அடுத்த சுவரோரம் இருக்கட்டும்.