யானையைக் கொடுத்து ஜெயித்த ஆட்டம்

1995 செப்டம்பர். நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் 107-ஆவது மாடியில் உலக சதுரங்கப் பட்டத்துக்காக காஸ்பரோவும் ஆனந்தும் மோதினார்கள். முதல் எட்டு ஆட்டங்களும் டிரா. ஒன்பதாவதில் வெள்ளைக் காய்கள் ஆனந்துக்கு. அவர் ராஜாவுக்கு முன்னிருந்த சிப்பாயை இ4-க்குத் தள்ள, காஸ்பரோவ் சி5 என்றார். அதுதான் சிசிலியன் தற்காப்பு.

கறுப்பும் இ5 என்று ஆடினால் இரு தரப்பும் ஒரே மாதிரி நிற்கும். வெள்ளைக்கு ஒரு நகர்த்தல் முன்னிலை அப்படியே இருக்கும். சிசிலியனில் கறுப்பு தன் சி சிப்பாயைக் கொடுத்து, வெள்ளையின் நடுச் சிப்பாயை வாங்கிக்கொள்கிறது. அந்த நேரத்தில் வெள்ளை தன் காய்களை வேகமாக வெளியே கொண்டுவந்துவிடும். கறுப்புக்கு சி வரிசை திறக்கும். ராதாபுரம் கால்வாய்க்குத் தண்ணீர் பக்கத்து மாவட்டமான குமரியின் கோதையாற்றிலிருந்து வருகிறதல்லவா? கறுப்பு யானையும் அப்படித்தான், கடைசி வரிசையில் நின்றபடியே எதிராளியின் வயல்வரை பாயும். அதனால் ராணிப் பக்கம் கறுப்புக்கு, ராஜா பக்கம் வெள்ளைக்கு என்பது வழக்கமான பங்கீடு.

ஆனந்த் அந்தப் பங்கீட்டையே கலைத்தார். கறுப்பு தாக்க வேண்டிய ராணிப் பக்கத்தில் தன் சிப்பாய்களை ஏற்றினார். 27-ஆவது நகர்த்தலில் யானையை டி5-இல் கொண்டுபோய் வைத்தார். கறுப்புக் குதிரை வெட்டக்கூடிய கட்டம்! யானைக்கு ஐந்து, குதிரைக்கு மூன்று என்று மதிப்புப் போடுவார்கள், கணக்குப்படி நஷ்டம். காஸ்பரோவ் வெட்டினார். இ4 சிப்பாய் திருப்பி வெட்டி டி5-இல் உட்கார்ந்தது. இனி அதை மறிக்க எதிரே ஒரு கறுப்புச் சிப்பாய்கூட இல்லை. பக்கத்தில் சி சிப்பாய் துணைக்கு. கறுப்பின் நல்ல குதிரையும் பலகையில் இல்லை.

காஸ்பரோவ் சும்மா இருக்கவில்லை. ராணி, யானை, சிப்பாய் என்று எல்லாவற்றையும் வெள்ளை ராஜாமேல் ஏவினார். பார்க்கப் பயமாகத்தான் இருக்கும். 35-ஆவது நகர்த்தலில் ஆனந்த் ராஜாவை ஒரு கட்டம் தள்ளிவைக்க, காஸ்பரோவ் தோல்வியை ஒப்புக்கொண்டார். யானைப் பலியைத்தான் எல்லோரும் புகழ்வார்கள். எனக்கு அந்தக் கடைசி நகர்த்தல்தான் பிடிக்கும்.

அடுத்த ஆட்டத்தில் வென்ற காஸ்பரோவ், பதினொன்றாவதில் சிசிலியனின் இன்னொரு கிளையான டிராகனை எடுத்தார். ஜி7-இல் நிற்கும் கறுப்பு பிஷப் மூலைக்கு மூலை குறிபார்க்கும். பெரும்பாலும் ராஜாக்கள் எதிரெதிர்ப் பக்கம் கோட்டை கட்டுவதால், யார் முந்தித் தாக்குவது என்பதே ஆட்டம். ஆனந்த் அதை எதிர்பார்க்கவில்லை. பதினொன்று, பதின்மூன்று இரண்டிலும் டிராகனிடம் தோற்றார். பதினைந்திலும் பதினேழிலும் அதே டிராகனை டிராவில் நிறுத்தினார். அதற்குள் மேட்ச் கைநழுவியிருந்தது: 10.5–7.5.