விசா செலவு யார் தலையில்?

காரோடு, பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளிலிருந்து வளைகுடா நாடுகளுக்கு வேலை தேடிச் செல்வது நேற்று இன்று ஏற்பட்ட வழக்கமல்ல. 1973-ல் எண்ணெய் விலை ஏறி, அரபு நாடுகளில் கட்டட வேலைகள் பெருகிய காலந்தொட்டே இங்குள்ள கொத்தனார்களும் தச்சர்களும் டிரைவர்களும் கடல் கடந்து வருகின்றனர். இப்போது கழக்கூட்டம் - காரோடு புறவழிச் சாலையில் ஏறினால் விமான நிலையத்துப் பக்கம் போய்ச் சேருவது எளிது. பயணம் இவ்வளவு சுலபமாகியும், போன இடத்தில் தங்குவதற்கு என்ன கட்டணம், அதை யார் கட்ட வேண்டும் என்று விசாரிக்காமலே பலர் புறப்பட்டு விடுகின்றனர். நகையை அடகு வைத்து ஏஜண்டிடம் பணத்தைக் கொடுத்ததோடு விசாவின் செலவு தீர்ந்தது என்று நினைப்பு. அங்கே இறங்கிய பிறகு ஆரம்பமாகும் செலவு வேறு இருக்கிறது.

வேலை விசாவில் செல்பவருக்குச் சட்டம் ஓரளவு துணை நிற்கிறது. சவுதி அரேபியத் தொழிலாளர் சட்டத்தின் 40-வது பிரிவின்படி, ஆளை வரவழைக்கும் செலவு, 'இகாமா' எனப்படும் தங்கும் அட்டைக்கான கட்டணம், வேலை அனுமதிக் கட்டணம், இவற்றைப் புதுப்பிக்கத் தாமதமானால் விழும் அபராதம், ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பும் டிக்கெட் ஆகிய அனைத்தும் முதலாளியின் பொறுப்பு. ஐக்கிய அரபு நாடுகளில் 2021-ல் இயற்றப்பட்ட தொழிலாளர் சட்டமும், ஆள் சேர்க்கும் செலவைத் தொழிலாளியிடம் நேராகவோ மறைமுகமாகவோ வசூலிக்கக் கூடாது என்கிறது. ஆகவே "இகாமாவுக்குச் சம்பளத்தில் பிடித்துக் கொள்வார்கள், அது அங்கே வழக்கம்" என்று ஊரில் ஒருவர் சொன்னால், அது வழக்கமாக இருக்கலாம், சட்டம் அல்ல.

நம் நாட்டிலும் வரம்பு உண்டு. மத்திய அரசிடம் பதிவு பெற்ற ஏஜண்டு வேலைக்கு அனுப்புபவரிடம் 30,000 ரூபாயும், அதற்கு வரியாக 5,400 ரூபாயும், ஆக 35,400 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது. அதற்கு ரசீதும் தர வேண்டும். லட்சக்கணக்கில் விலை பேசி, ரசீது கேட்டால் முகம் சுளிக்கிறவரிடம் பாஸ்போர்ட்டைக் கொடுப்பானேன்?

தினம் ஒரு அபராதம்

பெரும் வம்பு விசிட் விசாவில்தான் இருக்கிறது. "முதலில் விசிட் விசாவில் போ, அங்கே போனதும் வேலை விசாவாக மாற்றிக் கொள்ளலாம்" என்பது ஏஜண்டுகள் சொல்லும் பழைய பாட்டு. விசிட் விசாவில் வேலை ஒப்பந்தம் கிடையாது. மேலே சொன்ன எந்தச் செலவும் முதலாளி தலையில் விழாது. கெடு முடிந்த பிறகு நாள்தோறும் அபராதம் ஏறும்.

ஐக்கிய அரபு நாடுகளில் கெடு கடந்து தங்கினால், 2022-ல் மாற்றப்பட்ட விதிப்படி, நாள் ஒன்றுக்கு 50 திர்ஹாம். மாதத்துக்கு 1,500, ஆறு மாதம் போனால் 9,000 திர்ஹாம். நம் பணத்தில் சுமார் இரண்டு லட்சம் ரூபாய். அடகு வைத்த நகை இங்கே வட்டியில் மூழ்குகிறது; அங்கே அபராதம் ஏறுகிறது. வேலை அனுமதி இல்லாதவரை வேலைக்கு வைக்கும் முதலாளிக்கு 2024-ல் அபராதம் ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் திர்ஹாம் வரை உயர்த்தப்பட்டது. அதற்கு அஞ்சி, சோதனை என்றதும் முதலாளி முதலில் கைகழுவுவது இப்படிப்பட்ட ஆளைத்தான்.

பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி, சவுதி, குவைத், ஓமான், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல அவர்கள் அரசின் அனுமதி பெற வேண்டும். ஒப்பந்தமும் சம்பளமும் அப்போதுதான் பார்க்கப்படுகின்றன. பத்து லட்சம் ரூபாய் இன்ஷூரன்சும் அதோடு வருகிறது. வரி நீங்கலாக இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய்தான் பிரிமியம். விசிட் விசாவில் போகிறவர் இந்தப் பாதுகாப்பு முழுவதையும் தாமே தள்ளிவிட்டுப் போகிறார்.

குடும்பத்தோடு இருப்பவர்கள்

மனைவி மக்களை அழைத்துக் கொண்டவர்களுக்குச் சவுதியில் வேறு சுமை. 2017 ஜூலையில் உடன் தங்கும் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் என்று கட்டணம் ஆரம்பமாயிற்று. ஆண்டுக்கு நூறு நூறாக ஏறி 2020 ஜூலையில் 400 ரியால் ஆயிற்று. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் என்றால் ஆண்டுக்கு 14,400 ரியால், அதுவும் முன்பணமாக. குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிட்டுத் தனி அறைக்கு மாறியவர்கள் பலர். பாதிக் கல்வியாண்டில் பள்ளி மாறிய பிள்ளைகளின் பாடு தனிக் கதை.

திரும்பி வரும் வழிக்கும் விதி உண்டு. கத்தாரில் பெரும்பாலான தொழிலாளருக்கு வெளியேறும் அனுமதிச் சீட்டு 2018-ல் நீக்கப்பட்டது. குவைத்தோ எதிர்த் திசையில் சென்று, தனியார் கம்பெனி ஊழியர்கள் நாட்டை விட்டுப் புறப்பட முதலாளியின் அனுமதி வேண்டும் என்று 2025 ஜூலை 1 முதல் விதித்தது. தகப்பனார் காலமானார் என்று செய்தி வந்தாலும், அந்த அனுமதி இல்லாமல் விமானம் ஏற முடியாது. போதாக்குறைக்கு நம் திருவனந்தபுரம் விமான நிலையத்திலும், 2024 ஜூலை முதல் வெளிநாடு புறப்படுபவருக்கு 1,540 ரூபாய், வெளிநாட்டிலிருந்து வந்து இறங்குபவருக்கு 660 ரூபாய் என்று பயணிகள் கட்டணம் உயர்ந்தது. ஊருக்கு வந்து இறங்குவதற்கும் காசு!

எங்கே முறையிடுவது?

1956 நவம்பர் 1-ல் கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை தாலுக்கா கேரளத்தில் நின்றது. அந்தக் கோட்டின் இரு புறமும் பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பங்களுக்கு இதில் ஒரு குழப்பம். காரோட்டு முகவரி உள்ளவர் திருவனந்தபுரத்திலுள்ள நோர்க்கா ரூட்ஸ் அலுவலகத்தையே நாட வேண்டும். களியக்காவிளையில் இருக்கும் அவருடைய மைத்துனருக்குத் தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத் துறை. ஒருவர் காகிதத்தை மற்றவர் அலுவலகத்தில் கொடுத்து அலைய வேண்டாம்.

பொதுமன்னிப்பு வரும் என்று காத்திருப்பவர்களும் உண்டு. ஐக்கிய அரபு நாடுகள் 2018-லும் 2024-லும் அப்படி அறிவித்தன. 2024-ல் செப்டம்பர் முதல் டிசம்பர் முடிய அபராதமின்றி ஊர் திரும்பலாம் என்று விட்டார்கள். இரண்டுக்கும் இடையே ஆறு வருஷம். அதுவரை ஒளிந்திருக்க எவரால் முடியும்?

மன்னிப்புக்குக் காத்திராமல் தூதரகத்தை அணுகுவதே உசிதம். இந்தியச் சமூக நல நிதி என்று ஒரு நிதி 2009 முதல் நம் தூதரகங்களில் இருக்கிறது. முதலாளி இகாமாவைப் புதுப்பிக்காததால் கெடு தாண்டியவர் போல, தொழிலாளியின் குற்றமில்லாத இடங்களில் சிறு அபராதங்களையும் திரும்பும் டிக்கெட்டையும் இதிலிருந்து கொடுக்க விதி உண்டு. கொடுப்பது தூதரகத்தின் விசாரணையைப் பொறுத்தது. குற்றம் தம்முடையதல்ல என்று காட்ட ஒப்பந்தம், விசா, இகாமா, ஏஜண்டின் ரசீது ஆகியவை வேண்டும். பாஸ்போர்ட்டை அங்கே முதலாளி வாங்கி வைத்துக் கொண்டால் கையில் ஒன்றுமிராது; புறப்படும் முன்பே ஒப்பந்தம், விசா, ரசீது ஆகிய ஒவ்வொன்றிலும் ஒரு நகலை வீட்டில் கொடுத்துவிட்டுச் செல்வது நல்லது.