உதாரணங்களுக்கும் ஒரு பரீட்சை

மரக்காணம் கரையின் உப்பளத் தொழிலில், உப்புநீர் ஏறத்தாழ 25 டிகிரி பாமே அடர்த்தியை எட்டும்போது உப்பு படியத் தொடங்கும் என்று அறிந்திருந்தால் மட்டும் போதாது. அடர்த்திமானியை மிதக்கவிட்டுப் பார்த்த பிறகே பாத்திக்கு நீர் பாய்ச்சுவது விவேகம். கணினி நிரல்களுக்குத் துணையாக எழுதப்படும் விளக்கங்களில் வரும் உதாரணங்களோ நெடுங்காலம் இத்தகைய சோதனை எதற்கும் உட்படாமலே வெளிவந்தன. நிரல் மாறிய பின்னும் பழைய உதாரணம் மாறாமல் நின்று, அதை நம்பிப் படித்தவரைத் திகைக்க வைத்தது.

பைத்தான் மொழியில் இதற்குப் பரிகாரம் கண்டவர் டிம் பீட்டர்ஸ். 2001-இல் வந்த 2.1-ஆம் பதிப்போடு சேர்க்கப்பட்ட அவருடைய 'டாக்டெஸ்ட்' என்னும் கருவி, விளக்கவுரைக்குள் மூன்று கூர்முனைக் குறிகளை அடுத்து எழுதப்பட்ட கட்டளைகளைத் தானே இயக்கி, கிடைத்த விடையை ஆசிரியர் கீழே எழுதிவைத்த விடையோடு எழுத்துக்கெழுத்து ஒப்பிட்டு, பேதம் கண்டால் உடனே முறையிடும். தசமப் புள்ளிக்குப் பின் கடைசி இலக்கம் ஒன்று பிறழ்ந்தாலும் முறையிடும். அவ்வளவு கண்டிப்பு சில சமயம் உபத்திரவமே.

பைத்தான் சௌகரியமான மொழியேயன்றி வேகமான மொழியன்று. ஆகவே கோடிக்கணக்கான தடவை திரும்பத் திரும்பச் செய்யவேண்டிய கணக்குகளைச் 'சி' மொழியில் எழுதி, யந்திர மொழிக்கு மாற்றி, விரிவாக்கத் தொகுதி என்ற பெயரில் பைத்தானோடு இணைப்பது வழக்கம். அத்தொகுதிகளிலும் விளக்கமும் உதாரணமும் உண்டு. டாக்டெஸ்டோ பைத்தானிலேயே எழுதப்பட்ட சார்புகளை மட்டும் தேடிச் சென்று, 'சி'யில் பிறந்தவற்றைக் கண்டுகொள்ளாமல் விட்டது. விபரீதம் என்னவெனில், தோல்வி இல்லாதபோது அக்கருவி வாய் திறவாது. ஆதலால் ஒரு சோதனையேனும் நடவாதிருந்தும், அந்த மௌனத்தைக் கண்டவர் எல்லாம் தேறிவிட்டதென்று நிம்மதியாயிருந்திருப்பார். தோற்ற சோதனை திருத்தத்துக்கு வழிகாட்டும். நடவாத சோதனை நம்மை உறங்கவே வைக்கும் என்பது என் அபிப்பிராயம். 2008-இல் முறையிடப்பட்ட இக்குறை, 2014 மார்ச்சில் வந்த 3.4-ஆம் பதிப்பில்தான் நீங்கிற்று. மூலநிரல் கண்ணுக்குப் புலப்படாமையால், பிழை நேர்ந்த வரியின் எண்ணைச் சொல்ல மாட்டாமல் அவ்விடத்தில் கேள்விக்குறி ஒன்றை நிறுத்துவது மட்டும் மிஞ்சிய ஊனம்.

வில்லியம் ஸ்டைன் 2005-இல் தொடங்கிய 'சேஜ்' என்னும் கணித மென்பொருளைச் சேர்ந்தவர்கள் இதற்கு வேறு மார்க்கம் கண்டார்கள். யந்திர மொழிக்கு மாற்றப்பட்டதைத் துருவாமல், 'சைத்தான்' என்னும் இடைமொழியில் எழுதிய மூலக் கோப்பையே நேராக வாசித்து, உதாரணங்களைப் பொறுக்கியெடுத்து இயக்குவது அவர்கள் சம்பிரதாயம். இயங்கும் உதாரணமில்லாத சார்பை ஏற்பதில்லை என்பது அவர்கள் நியமம். சென்னைத் தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் அமிர்தாம்ஷு பிரசாத் 2013-இல் சேஜுக்கு எழுதியளித்த பகுதிகள் பைத்தானிலேயே ஆனவை. அவையும் இந்நியமத்துக்கு விலக்கல்ல.

நிரல் எழுதும் வாசகர்கள் இனிச் சோதனையின் முடிவில் தோற்றவை எத்தனை என்று கேட்குமுன், நடந்தவை எத்தனை என்று கேட்பார்களாக.