பத்தாயிரம் முறை திறக்கும் கதவு

"அண்ணை, மோட்டர் கத்துது, கதவு அசையுதில்லை." தை மாதக் காலைகளில் எனக்கு வரும் அழைப்புகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் தொடங்கும். வேலைக்கு வெளிக்கிட்டு, காருக்குள் ஏறியிருந்து பொத்தானை அமத்தியிருப்பார்கள். கதவு ஒரு சாண் எழும்பி நின்றிருக்கும், அல்லது எழும்பியே இருக்காது. நான் ஒன்றை மட்டும் கேட்பேன்: "கதவுக்கு மேல சுவரோட குறுக்கால ஒரு இரும்புத் தண்டு போகுதெல்லே, அதில இருக்கிற ஸ்பிரிங்கில எங்கையாவது இடைவெளி தெரியுதா?" ஓம், ரெண்டு விரல் அகலத்துக்குப் பிரிஞ்சு கிடக்கு என்று பதில் வரும். மோட்டரில் ஒரு குறையும் இல்லை. ஸ்பிரிங் முறிந்துவிட்டது.

ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ், பிரம்ரன் என்று ரொறன்ரோவைச் சுற்றிக் கராஜ் கதவு திருத்துவது என் தொழில். எங்கள் ஆட்களின் வீடுகளுக்கு நிறையப் போகிறேன். கதவைத் தூக்குவது மோட்டர்தான் என்றே எல்லோரும் நம்புகிறார்கள். இரண்டு கார் நிற்கும் கராஜுக்கு 16 அடி அகலம், 7 அடி உயரத்தில் கதவு போடுவார்கள். தகட்டுக்கு நடுவே குளிர் தாங்கும் நுரை அடைத்த கதவென்றால் 150 முதல் 250 இறாத்தல் வரை பாரம் இருக்கும். கூரையில் தொங்கும் அந்தச் சின்ன மோட்டர் தனியே தூக்கக்கூடிய பாரமல்ல அது.

ஊரில் துலா மிதித்துத் தண்ணீர் இறைத்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது சுலபம். துலாவின் பின்பக்கப் பாரம்தான் நிறைந்த பட்டையை மேலே கொண்டுவரும். மனிதர் கொடுப்பது கொஞ்சப் பலம். கராஜில் அந்தப் பின்பாரத்தின் வேலையைச் செய்வது முறுக்கி வைத்த உருக்குச் சுருள். கதவின் கீழ் மூலைகள் இரண்டிலிருந்தும் கேபிள் மேலே போய், தண்டின் இரு நுனியிலும் உள்ள உருளைகளில் சுற்றுகிறது. கதவு இறங்கும்போது கேபிள் அவிழ்ந்து தண்டைத் திருப்ப, ஸ்பிரிங் இறுகுகிறது. ஏறும்போது அந்த இறுக்கம் தளர்ந்து கதவை இழுத்துக்கொண்டு போகிறது. வழக்கமான உருளை ஒரு சுற்றுக்கு ஓர் அடிக்குச் சற்றுக் கூடுதலாகக் கேபிளை விடும். அதனால் 7 அடிக் கதவுக்கு ஸ்பிரிங்கை ஏறத்தாழ ஏழரைச் சுற்று முறுக்குவோம். மேலே கூரையோடு படுத்திருக்கும்போதும் கேபிள் தொய்யக்கூடாது என்பதற்காக அந்த அரைச் சுற்று.

மேல்நோக்கி எழும் கராஜ் கதவை சி. ஜி. ஜோன்சன் என்ற அமெரிக்கர் 1921இல் உருவாக்கினார். அவரே அதற்கு மின்சாரத் திறப்பானைக் கொண்டுவந்தது 1926இல். கையால் லேசாக எழுப்பக்கூடிய கதவு முதலில் வந்தது, பொத்தான் பிறகுதான் வந்தது. இன்றைக்கும் அதுதான் விதி. மோட்டரைக் கழற்றிவிட்டு ஒரு கையால் தூக்க முடியாத கதவு பழுதான கதவு.

வீடு கட்டும்போது போடும் சாதாரண ஸ்பிரிங் 10,000 சுற்றுக்குக் கணக்கிட்டுச் செய்யப்படுவது. ஒருமுறை திறந்து மூடினால் ஒரு சுற்று. ஒவ்வொரு தடவையும் உருக்கு முறுகித் தளர்கிறது, கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு வளர்கிறது, துருப் பிடித்த இடமென்றால் இன்னும் விரைவாக வளர்கிறது. ஒரு நாளைக்கு நாலு முறை திறந்தால் ஏழு வருடம் வரை போகும். எங்கள் வீடுகளில் நாலு முறையோடு நிற்குமா? முன்கதவு விருந்தாளிகளுக்கு. வீட்டார் எல்லோரும் கராஜால்தான் வந்து போவார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் வெளியே உள்ள எண்பலகையில் இலக்கத்தை அமத்தித் திறப்பார்கள். அம்மா இரண்டாவது குளிர்சாதனப் பெட்டியில் மீன் எடுக்கப் போவார், மணம் வீட்டுக்குள் ஏறாமல் அங்கேயே அடுப்பு வைத்துப் பொரிக்கக் கதவைத் திறந்து வைப்பார். பேஸ்மன்ற்றில் இருப்பவரும் அதே வழி. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை என்று வையுங்கள், மூன்று வருடம் நிறையுமுன் பத்தாயிரம் முடிந்துவிடும். "புது வீடு அண்ணை, மூண்டு வருசந்தான். ஏமாத்திப்போட்டாங்கள்" என்று கோபப்படுவார்கள். யாரும் ஏமாற்றவில்லை. கணக்கு முடிந்திருக்கிறது.

ஆகவே மாற்றும்போது கேளுங்கள். கம்பி கொஞ்சம் தடிப்பாக, சுருள் கொஞ்சம் நீளமாக இருந்தால் அதே பாரத்தைத் தூக்கிக்கொண்டு 25,000 சுற்றுவரை தாங்கும் ஸ்பிரிங் கிடைக்கும். பூட்டும் வேலை ஒன்றுதான், விலை வித்தியாசம் ஸ்பிரிங்கில் மட்டும். கராஜை முன்கதவாகப் பாவிக்கும் குடும்பத்துக்கு நான் வேறெதையும் சிபாரிசு செய்வதில்லை. இரண்டு ஸ்பிரிங் உள்ள கதவில் ஒன்று முறிந்தால் மற்றதும் அதே எண்ணிக்கை ஓடியதுதான். இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள்.

கதவு மூடியிருக்கும்போதுதான் முறுக்கு உச்சத்தில் இருக்கும். அதனால் யாரும் தொடாத நடுச்சாமத்திலும் ஸ்பிரிங் முறியும், கடும் குளிரில் கூடுதலாக முறியும். துவக்கு வெடித்த மாதிரிச் சத்தம். வன்னியிலிருந்து வந்த ஓர் அம்மா, பிள்ளைகள் வேலைக்குப் போயிருந்த நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டு, மாடிப்படிக்குக் கீழே போய்க் குப்புறப் படுத்துவிட்டார். நான் போனபோதும் கை நடுக்கம் தீரவில்லை. முறிந்த ஸ்பிரிங்கைக் கழற்றிக் கொண்டுபோய், "அம்மா, வெடிச்சது இதுதான்" என்று கையில் கொடுத்தேன். நெடுநேரம் தடவித் தடவிப் பார்த்தார். வீட்டில் அப்படி வயதானவர்கள் இருந்தால், ஒருநாள் இந்தச் சத்தம் வரக்கூடும், அது கதவின் சத்தம் என்று இப்போதே சொல்லி வையுங்கள்.

முறிந்தபின் பொத்தானைத் திரும்பத் திரும்ப அமத்தக்கூடாது. மோட்டரின் பல்லுச்சில் தேய்ந்துபோகும், கதவின் மேற்பலகை வளையும். அதைவிடப் பெரிய ஆபத்து, கதவு திறந்திருக்கையில் ஸ்பிரிங் முறிந்தால். கதவை மோட்டரிலிருந்து விடுவிப்பதற்காகத் தொங்கும் சிவப்புக் கயிற்றை அப்போது இழுக்கவே கூடாது. கதவைப் பிடித்து வைத்திருப்பது மோட்டர் ஒன்றுதான், கயிற்றை இழுத்தால் முழுப் பாரமும் விழும். நிலத்தோடு இரண்டு பக்கமும் இருக்கும் மின்கண் காப்பாற்றும் என்று நினைப்பவர்கள் உண்டு. மின்கண் நிறுத்துவது மோட்டரைத்தான். விழுகிற கதவை அது நிறுத்தாது.

ஸ்பிரிங்கை நீங்களே மாற்றலாம் என்று காட்டும் காணொளிகள் ஏராளம். முறுக்கு ஏற்ற, ஸ்பிரிங்கின் நுனியிலுள்ள வார்ப்பின் துளையில் சரியாகப் பொருந்தும் திண்ம உருக்குக் கோல்கள் இரண்டு வேண்டும். அவை இல்லாமல் திருப்புளியை விட்டுத் திருப்புகிறார்கள். அது வழுகினால் முழு விசையும் மணிக்கட்டிலோ முகத்திலோ இறங்கும். கதவின் அடிமூலையில் கேபிள் பிடித்திருக்கும் இரும்பும் அப்படித்தான், அதன் ஆணிகளைத் தொடாதீர்கள். சில வீடுகளில் கதவுக்கு மேலே அல்லாமல், இரண்டு பக்கத் தண்டவாளத்தோடும் நீளும் ஸ்பிரிங் இருக்கும். அதன் உள்ளால் ஒரு பாதுகாப்புக் கேபிள் ஓடவேண்டும். இல்லாவிட்டால் முறிந்த துண்டு பறக்கும். இன்றே போய்ப் பாருங்கள்.

நீங்கள் செய்யக்கூடியது சுலபமான வேலை. வருடத்தில் இரண்டு தடவை ஸ்பிரிங்குக்கு சிலிக்கோன் அல்லது லிதியம் சேர்ந்த மசகு அடியுங்கள். கதவு முழுதாக மூடியிருக்கும்போது சிவப்புக் கயிற்றை இழுத்து, கையால் இடுப்பளவு தூக்கிப் பாருங்கள். நின்ற இடத்தில் நின்றால் நல்லது. பாரமாக இருந்தால் மேற்கொண்டு தூக்காமல் ஆளைக் கூப்பிடுங்கள். குளிர்காலத்தில் அடி இறப்பர் நிலத்தோடு உறைந்து ஒட்டியிருந்தால் அதை விடுவித்த பிறகே பொத்தானுக்குப் போங்கள்.

வருகிறவரிடம் பழைய ஸ்பிரிங்கின் கம்பித் தடிப்பையும் நீளத்தையும் அளக்கச் சொல்லுங்கள், புதியது எத்தனை சுற்றுக்கு உரியது என்று பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். "ஆயுள் முழுக்க உத்தரவாதம்" என்றால் அது பொருளுக்கு மட்டுமா, கூலிக்கும் சேர்த்தா என்று கேளுங்கள். அளக்காமல், கதவின் பாரம் பாராமல், கையிலிருந்ததைப் பூட்டிவிட்டுப் போகிறவரை விடாதீர்கள்.

காரை எப்படியும் வெளியே எடுக்கவேண்டும் என்று, முறிந்த கதவை மனைவியையோ பிள்ளையையோ தாங்கிப் பிடிக்கச் சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அன்றைக்கு ஒரு நாள் பஸ்ஸில் வேலைக்குப் போங்கள்.