தூரம்–நேர வரைபும் இயக்கத்தின் இயல்பும்

இயக்கத்தை வரைபு மூலம் விளக்கும் முறை பௌதிகப் பாடநூல்களோடு நின்றுவிடுவதில்லை. மாற்றத்தை எவ்வாறு அறிந்துகொள்கிறோம் என்னும் அடிப்படை வினாவும் அதனுள் அடங்கியுள்ளது. எனவே, இலக்கிய ஆய்வாளராகிய நாமும் அதனை நோக்குதல் பொருத்தமுடையதே.

தூரம்–நேர வரைபில் கிடையச்சு நேரத்தையும் நிலைக்குத்தச்சு தூரத்தையும் குறிக்கும். கோட்டினைப் பாதையின் படமாகக் கொள்வதே இங்கு பொதுவாக நிகழும் தவறு. மேலேறும் கோடு மலையேறும் பாதையன்று. கிடையான கோடு, நேரம் கழியவும் தூரம் மாறாதிருத்தலை, அதாவது ஓய்வினையே குறிக்கும். இரு கணியங்களுக்கிடையிலான உறவே வரைபிற் புலப்படுகிறது. அவ்வுறவின் அளவே கோட்டின் படித்திறன், அதுவே கதி.

பிரெஞ்சு உடற்றொழிலியலாளர் மாரே, வரைபு முறை பற்றி 1878இல் வெளியிட்ட நூலில், பாரிஸ்–லியோன் புகையிரதங்களின் ஓட்டத்தை இவ்வாறே காட்டியுள்ளார். நிலையங்கள் தூரத்துக்கேற்ப ஓரச்சில் அமைய, ஒவ்வொரு புகையிரதமும் ஒரு சாய்கோடாகிறது. கோடு நிமிர நிமிரக் கதி மிகும். தரிப்பிடங்களில் அது கிடையாகும். எதிரெதிர்ச் சாய்வுடைய கோடுகள் வெட்டுமிடத்தில் இரு வண்டிகள் சந்திக்கின்றன. ஒற்றைப் பாதையாயின், வண்டிகள் ஒன்றையொன்று விலகிச் செல்லத்தக்க நிலையத்திலேயே அச்சந்திப்பு அமைதல் வேண்டும். நிலையங்களுக்கிடையே அமையின் மோதல் நிகழும். தாளில் இரு கோடுகள் வெட்டும் இடம், தொழிலாளரதும் பயணிகளதும் உயிர் பற்றிய விடயமாகிவிடுகிறது. கணிதம் சமூகத் தேவைகளோடு பிணைந்துள்ளமைக்கு இது தக்க சான்றாகும்.

கதி மாறுமிடத்துக் கோடு வளைகிறது. ஓய்விலிருந்து சீராக ஆர்முடுகும் பொருள் செல்லும் தூரம், நேரத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதசமமானது என்பதைக் கலிலியோ 1638இல் வெளிவந்த தமது நூலில் எடுத்துரைத்தார். நேரம் 1, 2, 3 அலகுகளாக, தூரம் 1, 4, 9 அலகுகளாகும் எனக் கொள்வோம். நேரம் 2 ஆகும் கணத்திற் கதி யாது? 2க்கும் 3க்கும் இடையே சராசரிக் கதி 5, 2க்கும் 2.1க்கும் இடையே 4.1, 2க்கும் 2.01க்கும் இடையே 4.01. இடைவெளி ஒடுங்க ஒடுங்கப் பெறுமானம் 4ஐ அணுகுகிறது. அப்புள்ளியில் வளைகோட்டுக்கு வரையப்படும் தொடலியின் படித்திறனும் அதுவே.

ஒரு கணத்துள் தூரமும் கடக்கப்படுவதில்லை, நேரமும் கழிவதில்லை; ஆயினும் கதி உண்டு. மார்க்ஸ் 1881இல் எங்கெல்சுக்கு அளித்த கணிதக் கையெழுத்துப்படிகள், பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுப்பதாகத் தோன்றும் இச்சிக்கலை ஆராய்கின்றன. அக்கையெழுத்துப்படிகள் 1968இல் மொஸ்கோவில் நூலாக வெளிவந்தன.

சராசரிக் கதி, பயணத்தின் தொடக்கத்தையும் முடிவையும் மட்டுமே கணக்கிற் கொள்ளும். இடையிலே தரித்ததையும் விரைந்ததையும் மறைத்துவிடும். சமூக மாற்றத்தையும் இலக்கிய வளர்ச்சியையும் ஆராயும் நாம், நூற்றாண்டுகளின் சராசரியோடு அமைதியடைதல் ஆகாது. தேக்கம் எங்கே, திருப்பம் எங்கே என வளைகோட்டின் ஒவ்வொரு பகுதியையும் வாசித்தல் வேண்டும்.