மதிலோரச் சந்தில் மலர்ச் செடிகள்

நம் இல்லங்கள் பலவற்றில் தோட்டம் போட இடமில்லை. வீட்டுச் சுவருக்கும் சுற்றுமதிலுக்கும் நடுவே மூன்றடிச் சந்து ஒன்று இருக்கும். அதில் மதிலை ஒட்டி ஒன்றரை அடி அகலத்தில் மண் இருக்கும். உடைந்த செங்கல்லும் துருப்பிடித்த வாளியும் பெரும்பாலும் அங்கே குடியிருக்கும். ஆயினும் வீட்டுப் பெண்கள் தெருவார் பார்வை படாமல் நின்று ஒரு செடியைப் பேண, பல வீடுகளில் அந்த மண்தான் மிஞ்சியிருக்கிறது.

அங்கே ஆசையோடு மல்லிகையும் ரோஜாவும் நட்டு, ஓராண்டு காத்திருந்து, "நம் மண்ணுக்குப் பூ ராசியில்லை" என்று கைவிட்ட சகோதரிகள் பலர். குறை மண்ணில் இல்லை, வெளிச்சத்தில் இருக்கிறது. அவ்விரண்டும் நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேர்வெயில் வேண்டுபவை. நிழலில் இலை தழைக்கும், மொட்டு வராது. பெருநாளுக்கு உதவும் என்று நடப்படும் மருதாணியும் வெயிலை விரும்பும் செடியே. அதற்கு மாடியில் ஒரு பெரிய தொட்டி வைப்பதே நல்லது.

ஆகவே நாற்றுப் பண்ணைக்குச் செல்லுமுன் சந்தைக் கவனியுங்கள். காலை, நண்பகல், மாலை ஆகிய மூன்று வேளையும் வெயில் எங்கே விழுகிறது என்று பாருங்கள். ஒருநாள் பார்த்தது ஆண்டு முழுவதற்கும் பொருந்தாது. தமிழகத்தில் ஏறத்தாழ ஏப்ரல் பிற்பாதி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிச் சூரியன் சற்று வடக்கே சாய்ந்திருக்கும். வீட்டின் வடபுறச் சந்துக்கு அந்த மாதங்களில் நண்பகல் வெயில் கிட்டும். மார்கழியில் வீட்டின் நிழலே அதை மூடிவிடும். மே மாதத்து வெயிலை நம்பி நட்டவர்கள் ஏமாறுவது இதனால்தான். கீழ்ப்புறச் சந்துக்கு இளவெயில் இரண்டு மூன்று மணி நேரம் கிடைத்தால் அது பாக்கியமே. மேல்புறத்தில் பிற்பகல் வெயிலோடு மதிலின் சூடும் சேர்ந்து மென்மையான செடிகளை வாட்டும்.

இளவெயிலும் நிழலும் கலந்த இடத்துக்கு என் முதல் தேர்வு கனகாம்பரம். மணமில்லை என்று அதைத் தள்ளிவிட வேண்டாம். பறித்த பின்னும் வாடாமல் நிற்பதில் மல்லிகை அதனிடம் தோற்கும். நாட்டு வகையின் காய்ந்த விதைக்கூடுகள் நீர் பட்டதும் வெடித்துச் சிதறி, தாமே முளைக்கும். டெல்லிக் கனகாம்பரம் விதை தராது. அதைக் குச்சி வெட்டித்தான் பெருக்க வேண்டும். இரு வகைக்கும் வேரில் நீர் தேங்கலாகாது.

அதற்கு முன்வரிசையில் காசித்தும்பை விதையைத் தூவலாம். இரண்டு மாத அளவில் பூத்துவிடும். முற்றிய காயைத் தொட்டு வெடிக்கச் செய்வதற்கென்றே பிள்ளைகள் அங்கே கூடுவார்கள். அந்திமந்தாரைக்கும் அரைநிழல் போதும். அஸருக்குப் பாங்கு ஒலிக்கும் வேளையை ஒட்டி அது இதழ் விரிப்பதைக் காண்பதே ஓர் இன்பம். ஆனால் மிளகைப் போன்ற அதன் கரிய விதை நஞ்சுடையது. தவழும் குழந்தை உள்ள வீட்டில் விதைகளை உடனுக்குடன் பொறுக்கிவிட வேண்டும். குளிர்காலத்துக்கு டிசம்பர் பூ உண்டு. சந்தின் கோடியில் சற்று உயரமாக ஏதேனும் வேண்டுமானால் நந்தியாவட்டை வைக்கலாம்.

வெயிலே எட்டாத மூலையில் பூவுக்காகப் போராடுவது வீண். அங்கே வெற்றிலைக் கொடியை மதிலில் ஏற்றுங்கள். கொடிக்காலில் அகத்தி நிழலில் வளர்ந்து பழகிய பயிர் அது. விருந்துக்குப் பின் தாம்பூலத்துக்கும் உதவும்.

மதிலோர மண்ணில், கட்டிய காலத்துச் சுண்ணாம்பும் சிமெண்டும் புதைந்திருக்கும். இலை நரம்பு மட்டும் பச்சையாக நின்று மற்றப் பகுதி மஞ்சளித்தால் பெரும்பாலும் அதுவே காரணம். ஓரடி ஆழம் தோண்டி எடுத்துவிட்டு, செம்மண்ணும் மக்கிய சாண எருவும் நிரப்பினால் போதும்; உரக்கடைக்கு ஓட வேண்டியதில்லை.

தண்ணீருக்கும் வழி இருக்கிறது. ஒளூ செய்யும் நீரில் சோப்பு கலப்பதில்லை. ஒரு சிறு வாய்க்கால் வெட்டி அதைச் செடிகளுக்குத் திருப்பலாம். துணி துவைத்த நீரை விடாதீர்கள். வாய்க்கால் சரிவாக இருந்து நீர் அன்றன்றே மண்ணில் இறங்கிவிட வேண்டும். தேங்கினால் கொசு பெருகும். வீட்டுச் சுவரின் பக்கம் ஈரம் பரவாதபடி பாத்தியை மதிலோடு நிறுத்தி, நடுவே ஒருவர் நடக்க வழி விடுங்கள். பூப் பறிக்கவும் களை எடுக்கவும் அவ்வழியே கை எட்டும்.