மலை பார்க்க ஒரு மஞ்சள் வண்டி

திரான்சியில் வாழும் நம்மவருக்கு மலைப் புகையிரதம் என்றால் சுவிஸ்தான் நினைவு. ஆனால் அகதி விண்ணப்பம் முடிவாகாதவர் எல்லை கடக்க முடியாது. அவரை வீட்டில் விட்டுப்போக மனம் வருமா?

பிரான்சுக்குள்ளேயே, பிரனீஸ் மலையில், 1910இல் ஓடத் தொடங்கிய மஞ்சள் வண்டி உண்டு. பரிஸ் ஒஸ்தர்லிட்சில் இரவு வண்டி ஏறினால் காலையில் லத்தூர் டு கரோல். (திருத்த வேலைக்காக நிறுத்துவதுண்டு, முன்னரே விசாரிக்கவும்.) அங்கிருந்து வில்பிராஞ்சு வரை 63 கிலோமீற்றர், பள்ளத்தாக்குகளுக்கு மேலாகப் பாலங்கள், கோடையில் திறந்த பெட்டிகள். உச்சி நிலையம் 1593 மீற்றர். நம் பட்டிப்பொளையைவிடத் தாழ்வுதான். இரத்த அழுத்தம் கட்டுப்பாட்டில் உள்ள முதியோர் அஞ்ச வேண்டாம். மாத்திரையும் கம்பளியும் கைப்பையில் இருக்கட்டும்.

ஒன்று கவனம். லத்தூர் நிலையத்தில் பார்சலோனா வண்டியும் நிற்கும். அவசரத்தில் ஏறிவிட்டால் அடுத்த தரிப்பே ஸ்பெயின்!